குக்கர் குலுக்கலும் நார்வே பணமும்

போன புதன்கிழமை, குன்னூர் மார்க்கெட்டில் செல்வராஜின் டீத்தூள் கடைக்குப் போனேன். மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கல்லா மேஜையில் ரிப்பன் கட்டிய புது குக்கர்.

"சார், என்னையச் சூதாடின்னுட்டாங்க!"

செல்வராஜா? தீபாவளிக்குக்கூடச் சீட்டைத் தொடாத ஆள்!

விஷயம் இதுதான். கட்டபெட்டு பக்கம் அவருக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலை விலைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறதே... ஃபேக்டரிக்குப் போட்டால் பறிகூலிகூடத் தேறாது. அதனால் வீட்டிலேயே கையால் உருட்டி க்ரீன் டீ செய்து, வெப்சைட் போட்டு விற்கிறார். போன சீசனில் ஊர் சுற்ற வந்த நார்வே தம்பதி இப்போது பெரிய ஆர்டர் கொடுத்து, பணமும் அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பணத்தை நம்பித்தான் இலை பறிக்கும் பெண்களுக்குச் சனிக்கிழமைக் கூலி. கூலி இல்லையென்றால் திங்கட்கிழமை அவர்கள் வேறு தோட்டம் பார்த்துக்கொள்வார்கள். கொழுந்து காத்திருக்குமா? முற்றிவிடும்.

பணம் வரவில்லை. நடுவில் இருக்கும் வெளிநாட்டு பேமென்ட் கம்பெனி நிறுத்தி வைத்துவிட்டது. காரணம் — குக்கர்!

சீசன் வந்தால் எங்கள் ஊரில் கடைக்குக் கடை குலுக்கல். தூள் வாங்கினால் கூப்பன். பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தால் பரிசு. (நானே தேவைக்கு மேல் தூள் வாங்கிக் குவித்திருக்கிறேன். வீட்டில் இன்னும் திட்டு ஓயவில்லை.) செல்வராஜ் அதைப் பெருமையாக வெப்சைட்டிலும் போட்டுவிட்டார்: 'டீ வாங்குங்கள், குக்கர் வெல்லுங்கள்!'

பணம் கட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் பரிசு... இந்தியாவில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வந்த பிறகு அந்தக் கம்பெனிக்கு ஒரே பயம். அதன் கம்ப்யூட்டர் டீயைப் பார்க்கவில்லை. குக்கரைப் பார்த்துவிட்டது.

என் போனுக்கோ, 'போனஸ் காத்திருக்கிறது, ரம்மி ஆட வாங்க' என்று இன்றைக்கும் மெசேஜ் வருகிறது. அந்தப் புண்ணியவான்கள் தினம் ஒரு பெயரில், தினம் ஒரு வழியில் வசூல் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். யானை போகிற பாதையில் எறும்புக்கு டோல்கேட்!

கம்பெனியோடு கம்ப்யூட்டரில் சாட் செய்தபோது கேள்வி வந்தது: 'பரிசு கிடைப்பது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா?'

"திறமைன்னு போடுங்க," என்றேன்.

"எப்படிங்க சார்? ரிட்டயர்டான ஸ்டெல்லா டீச்சர் வந்து, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுச் சீட்டு எடுப்பாங்க. அதுல எங்கீங்க திறமை?"

'அதிர்ஷ்டம்' என்றே போட்டார். அரிச்சந்திரன்! குலுக்கலை வெப்சைட்டிலிருந்து தூக்கினார், மன்னிப்பும் கேட்டார். கடைசியாக ஓர் உறுதிமொழி வந்தது: 'என் தொழில் வருமானம் எவ்விதத்திலும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததல்ல.' டிக் அடித்தால் பணம்.

செல்வராஜின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"சார், இந்த வாரம் விலை என்னன்னே தெரியாம இலை பறிக்கிறேன். பனி விழுந்தாச் செடி கருகிரும். காட்டெருமை வந்தா வேலி போயிரும். இதுல அதிர்ஷ்டமே இல்லீன்னு நான் எப்படிங்க டிக் அடிக்கறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருத்தமாக இருந்தது. இருபது வருஷமாக அவர் ஆடுவது எந்த ஆட்டம்? அதைத் தடை செய்ய ஒரு சட்டமும் வரவில்லையே!

உள்ளேயிருந்து அவர் மனைவி மல்லிகா வந்தார்.

"ஏனுங்க, பறிக்கிற புள்ளைங்க அரிசி பருப்பு வாங்கோணும். தத்துவத்த அப்பறம் பேசலாம், நவுருங்க!"

ஒரே தட்டு. டிக்!

வெள்ளிக்கிழமை பணம் வந்தது. சனிக்கிழமை கூலி போனது.

அந்தக் குக்கர்? கூப்பன்காரர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு, அதை இலை பறிக்கும் பெண்களில் ஒருவருக்கே கொடுப்பது என்று முடிவானது. யாருக்குக் கொடுப்பது? பெண்கள் ஆறு பேர், குக்கர் ஒன்று. கடைக் கதவைச் சாத்தினோம், போன்களை அணைத்தோம், பிஸ்கட் டின்னைக் குலுக்கினோம்.

ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்... நானும்தான்!