ரயில் கேட்டில் முந்திய காவடி

அது 1927-ஆம் ஆண்டுத் தைப்பூசம். அதற்கு முந்திய ஆண்டு என்று எங்கள் வீட்டிலேயே சிலர் சாதிப்பார்கள், தவறு. 1926 கடைசியில் கோலாலம்பூரை மூழ்கடித்த பெரிய வெள்ளம் வடிந்திருந்தாலும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவர்களில் சேற்றுக்கறை அப்போதும் இருந்தது. அந்தக் கறையில் விரலால் கோலம் போட்டதற்கு அம்மா என் தலையில் குட்டினாள். ஆகவே ஆண்டில் எனக்குச் சந்தேகமில்லை.

குவார்ட்டர்ஸில் இரண்டு வரிசை வீடுகள். எங்கள் வரிசையில் என் அப்பாவைப் போல இஞ்சினில் கரி போடுகிறவர்கள், எதிர்வரிசையில் பட்டறைக்காரர்கள். தைப்பூசத்தன்று இரு வரிசையிலிருந்தும் பத்துமலைக்குக் காவடி புறப்படும். வழியில் ஒரு ரயில் கேட். அது திறந்ததும் எந்த வரிசைக் காவடி முதலில் தண்டவாளத்தைத் தாண்டுகிறதோ, அந்த வரிசைக்காரர்கள் அடுத்த பூசம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள். முருகனுக்கு இந்தப் பந்தயம் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

முந்திய பூசத்தில் பட்டறைக்காரர்கள் ஜெயித்திருந்தார்கள். காவடி தூக்குகிறவர்கள் விரதத்தில் இருப்பவர்கள்; சண்டை போடக்கூடாது. அதனால் கூட்டத்தை விலக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார்கள். என்ன பக்தி! அப்பா காவி உடுத்தி, உடம்பெல்லாம் விபூதி பூசி, அண்ணன் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்.

“டேய், போன வருசம் மாதிரி வழிய விட்டுட்டு வந்து என் மூஞ்சில முழிக்காதே. ஆம்பளப் பிள்ளதானே நீ?”

அண்ணனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை.

சரக்கு ரயில் போய்க் கேட் திறந்தது. உருமி மேளம் முழங்கியது. எதிர்வரிசைப் பையன் ஒருவன், அண்ணனோடு தினமும் கோலி ஆடுகிறவன், தன் அப்பா கொடுத்த கம்போடு குறுக்கே வந்தான். அண்ணன் ஓங்கி அடித்தான். பையன் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்தான். முழங்கைக்குக் கீழே கை ஒரு தினுசாக வளைந்து தொங்கியது. எங்கள் காவடி முதலில் தாண்டியது. பிறகு அவர்களுடையது. அவனைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் போனார்கள், அவன் அப்பா உட்பட. பாதி வழியில் காவடியை இறக்க முடியுமா என்று பிறகு காரணம் சொன்னார்கள். கேட் காவலாளிதான் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். வேலையாட்களுக்குத் தலைவரான மண்டோர் நடுவில் உட்கார்ந்தார்.

“எல்லாம் இந்தப் பயாஸ்கோப்பு பண்ற வேல. படத்துல வெள்ளக்காரன் குத்துறான், இதுங்களும் குத்துதுங்க.”

“இங்கிலீசு ஸ்கூல்ல போட்டா வேற என்னாண்ணே வரும்?” என்றார் ஒருவர்.

“உம்மவன் எந்த ஸ்கூலுக்கும் போகலியே, அவன் ஏன் நேத்து கல்ல விட்டெறிஞ்சான்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். கம்பு கொடுத்தது யார் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

“தொரை காதுக்குப் போனா குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுவான். அவனவன் பிள்ளய அவனவனே அடிச்சுக் காட்டிடுங்க” என்று தீர்ப்பாயிற்று. கட்டுப் போட்ட கையோடு நின்ற பையனுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தீர்ப்பு.

அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்தார். “அப்பாதானே கம்பு…” என்று நான் தொடங்கியதும் அம்மா என் வாயைப் பொத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். மற்றொரு கையால் தன் வாயையும் பொத்தியிருந்தாள்.

“இனிமே கை நீட்டுவியா? நீட்டுவியா?” கேட்டுக் கேட்டு அடித்தார் அப்பா. அண்ணன் அழவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று கேட்கப் போகிறவன் போல அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அண்ணன் பாயில் குப்புறப் படுத்திருந்தான். அம்மா அவன் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பாவோடு வேலை செய்கிறவர் வந்து நின்றார்.

“பாத்தியா, எம் பையன் ஒரே போடு! அப்புறம் கேட்டுல ஒரு பய நிக்கல!” என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

அண்ணன் பாயிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அவனுக்காக அழுதுகொண்டிருந்த எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“அம்மா, அண்ணன் சிரிச்சிருச்சு!” என்று கை தட்டினேன்.

எண்ணெய் தடவிய அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் ஏன் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.