ட்வைலா தனக்குத் தானே வைத்த விருந்து

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் சனிக்கிழமை மதியம் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாவது முடித்த பிள்ளை இருக்கிற வீடெல்லாம் கார் ஷெட்டைக் காலி செய்து, தரையைக் கழுவி, மடக்கு மேசை போட்டு ஊரையே சாப்பிடக் கூப்பிடும். தெருமுனையில் பலூன் கட்டிய அட்டை நிற்கும். ஒரு வீட்டில் பன்னுக்குள் வைத்த பன்றிக்கறி, அடுத்த வீட்டில் உருளைக்கிழங்கு சாலட், அதற்கடுத்த வீட்டில் பெப்பர்மிண்ட் மிட்டாய் என்று வயிறு தாங்குகிற மட்டும் சுற்றி வரலாம். பிள்ளையைப் பெற்றவள் கேக் மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தை பெருமை பேசி, துண்டு போட்டுக் கொடுப்பாள். பக்கத்திலேயே போட்டோ பலகை இருக்கும். பாலர் வகுப்பு முதல் பன்னிரண்டாவது வரை வகுப்புக்கு ஒரு படம். அதை நின்று பார்த்து "அடேயப்பா, எப்படி வளர்ந்துட்டான்!" என்று சொல்லாமல் கேக்கை வாங்கினால், அந்த வீட்டுக்காரி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

என் பக்கத்து வீட்டு ட்வைலா இந்த விருந்துகளில் வருஷக்கணக்காகச் சமையலறையில்தான் நின்றாள். யார் வீட்டு விருந்தானாலும் உருளைக்கிழங்கு வேகவைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிழைப்புக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அவள் பஸ்ஸில் ஏறி இறங்காத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. தினமும் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் விடுகிறவள், அந்தப் பள்ளியை முடிக்கவில்லை. பன்னிரண்டாவது முடியச் சில மாதங்களே இருந்தபோது வயிற்றில் பிள்ளை. சான்றிதழ் கொடுக்கிற மேடையில் இப்படி ஒருத்தி ஏறக்கூடாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லி நிறுத்திவிட்டார் என்பது ஊரறிந்த கதை. அந்தப் பிள்ளைக்கு அப்பன் டெல்பர்ட், அதே வகுப்பு. அவன் மட்டும் அங்கி மாட்டித் தொப்பி வைத்து ஜம்மென்று மேடை ஏறினான். அவனுக்கு விருந்தும் வைத்தார்கள்! இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். டெல்பர்ட்டே அவளைக் கட்டிக்கொண்டு நல்லபடியாகக் குடித்தனம் நடத்தினான் என்பது வேறு விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்பர்ட்டின் அக்கா கொரீன் தன் மூத்த மகனுக்கு விருந்து வைத்தாள். ட்வைலா வழக்கம்போல உள்ளே கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண், பேச்சுவாக்கில், "நீங்க எந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிச்சீங்க?" என்று அவளிடம் கேட்டுவிட்டாள். வாசலிலிருந்தே கொரீன் குரல் கொடுத்தாள்.

"இவளா? இவ வகுப்புல உக்காந்ததைவிடப் பிரசவ வார்டுல உக்காந்ததுதான் ஜாஸ்தி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எதிர்த்துக் கேட்கவுமில்லை. ட்வைலா கையைத் துடைத்துக்கொண்டு, பாதிக் கிழங்கை அப்படியே போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இலையுதிர் காலத்திலேயே பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இரண்டு பனிக்காலம். காலையில் பஸ், மதியம் தூக்கம், சாயங்காலம் பஸ், அதன்பிறகு கணக்கு. அந்தக் கணக்கைத் திட்டிய திட்டு என் வீடு வரைக்கும் கேட்கும். இந்த வருஷம் மே மாதம் சான்றிதழ் கையில் வந்தது. மறுநாள் காலை கார் ஷெட்டிலிருந்த பழைய டயர்களையெல்லாம் தெருவில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

விருந்துச் சேதி போய்ச் சேர்ந்ததும் கொரீன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏய் ட்வைலா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பெத்தவங்க பிள்ளைங்களுக்கு வைக்கிற விருந்துடி இது. நாப்பத்தஞ்சு வயசுல தனக்குத்தானே எவளாவது வைப்பாளா?"

"அன்னைக்கு எனக்கு யாரும் வைக்கல. அதான் நானே வைக்கிறேன்."

"ஊரே சிரிக்கும்."

"ஏற்கெனவே நீ ஊரைச் சிரிக்க வச்சாச்சு. இப்ப அந்த டயரை அப்படி நகர்த்து, தரையக் கழுவணும்."

கொரீன் அந்த டயரைத் தொடவில்லை. நான் நகர்த்தினேன்.

விருந்துக்கு முதல் நாள் ட்வைலாவின் அம்மா வெர்னா வந்தாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். வீம்பு பிடித்தவள். ட்வைலாவுக்கு அந்த வீம்பு எங்கேயிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. கேக் மேசைக்குப் பின்னால் நின்று வரவேற்க அம்மாதான் வேண்டும் என்று ட்வைலா ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கியிருந்தாள். வெர்னா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள், மேசை விரிப்பை நேராக இழுத்துவிட்டாள், போட்டோ பலகைக்கு வந்தாள். பாலர் வகுப்பில் பல் விழுந்த ட்வைலா, ஐந்தாவதில் இரட்டைச் சடை, பதினொன்றாவதில் உப்ப வாரிய முடி. பன்னிரண்டாவதுக்கு உரிய இடத்தில், முன்னே தள்ளிய வயிறும் ரோஸ் கவுனுமாக, வெர்னாவின் வீட்டு முற்றத்தில் நிற்கிற ட்வைலா. எல்லோரும் மேடை ஏறிய அன்றைக்கு டெல்பர்ட் ஓடிவந்து எடுத்த படம் அது. அந்த முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லை.

வெர்னா வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இதை எடுத்துடு."

"எடுக்க மாட்டேம்மா."

"எடுத்தா நாளைக்கு வர்றேன். எடுக்கலைன்னா வரல."

"என் பன்னெண்டாவது இதுதான். வேற படம் என்கிட்ட இல்ல."

வெர்னா பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள். ட்வைலா கூப்பிடவுமில்லை, படத்தை எடுக்கவுமில்லை. "அம்மா வராம இருக்க மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு ஷெட்டின் மூலையில் திரும்பி நின்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை வந்தது. ஊரே சிரிக்கும் என்று ஜோசியம் சொன்ன கொரீன் வந்து பார்த்திருக்க வேண்டும். வந்தாள், பார்க்கவும் பார்த்தாள்! தெருவில் கார் நிறுத்த இடமில்லை. ட்வைலா பஸ்ஸில் போன பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள், பெற்றவர்களாகிவிட்ட பழைய பிள்ளைகள் என்று ஒரே ஜனம். பன்றிக்கறிப் பாத்திரத்தை வழித்துவிட்டார்கள். ட்வைலா அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, குஞ்சம் கண்ணில் விழ விழ ஊதித் தள்ளிக்கொண்டு, எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண் தெருவிலேயே இருந்தது.

கேக்கை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த மேசைக்குப் பின்னால் ஆளில்லை. வெயிலில் ஓரத்துக் கிரீம் இளக ஆரம்பித்தது. ஜனங்கள் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, கேட்கத் தயங்கித் திரும்பினார்கள். அடுத்த வீட்டு விருந்துக்கு வேறு போக வேண்டுமே. கொரீனுக்குப் பொறுக்கவில்லை. கத்தியை எடுத்துவிட்டாள்.

"நான் வெட்டித் தர்றேன். எவ்வளவு நேரம்தான் எல்லாரும் நிப்பாங்க?"

"கீழ வை கொரீன். அது எங்கம்மா நிக்கிற எடம்."

"அந்தக் கண்றாவிப் படத்தை எடுத்துட்டா அவங்க வந்துட்டுப் போறாங்க. ஒரு மதியம் ஒளிச்சு வச்சா என்ன குடியா முழுகிப் போயிடும்?" என்று சொல்லி கொரீன் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

ட்வைலா அதைத் திரும்பவும் முன்பக்கமாகத் திருப்பினாள். "இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சாச்சு. போதும்."

"நல்லாயிருக்கு! பெத்த தாயைவிடப் படம் பெரிசா?"

"எனக்கு ரெண்டும் வேணும்."

சத்தம் கேட்டு எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டெல்பர்ட் மரத்தடியில் நின்றிருந்தான். அவன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதெல்லாம் விரல்விட்டு எண்ணலாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வண்டியை எடுக்கட்டுமா?" என்றான்.

ட்வைலா அவனைப் பார்த்தாள். "எடு."

அப்புறம் நடந்ததை நாங்கள் இன்னும் பேசிச் சிரிக்கிறோம். பிக்கப் வண்டியின் பின்னால் மேசை ஏறியது, மேசைமேல் கேக் ஏறியது, கேக்கைப் பிடித்துக்கொண்டு ட்வைலாவின் மகள் ஷானா, பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். அன்றைக்கு ட்வைலாவின் வயிற்றிலிருந்தவள் இந்த ஷானாதான். டெல்பர்ட் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்ட, முன்னால் அங்கி பறக்க ட்வைலா நடந்தாள். பின்னால் காகிதத் தட்டும் கையுமாக மொத்த விருந்தும் வந்தது. வேடிக்கை பார்க்கிற ஆசையில் கொரீனும் வந்தாள்.

வெர்னா வீட்டு முற்றத்தில் மேசையை இறக்கி, கேக்கை வைத்து, பலகையைச் சாய்த்து நிறுத்தினோம். அந்தப் படம் எடுத்த அதே முற்றம். வெர்னா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னடி இது ஊர்வலம்?"

"நீ வரல. அதனால நாங்க வந்தோம்."

"அந்தப் படத்தையும் தூக்கிட்டு வந்திருக்கே."

"ஆமாம்மா."

கொரீன் சும்மா இருந்திருக்கலாம், அவளால் முடியுமா? முன்னால் வந்து குழைந்தாள். "விடுங்க அத்தை. உங்க சங்கடம் எனக்குப் புரியுது. பாவி ஹெட்மாஸ்டர் பண்ணின அக்கிரமத்துக்கு நீங்க ஏன் தலை குனியணும்? நான் அப்பவே படத்தை எடுன்னு சொன்னேன், இவதான் கேக்கல."

"அந்த மனுஷனைச் சொல்லாதே" என்றாள் வெர்னா.

கொரீன் ஓரடி பின்வாங்க, வெர்னா மேலே சொன்னாள்.

"அவரு ஒண்ணும் பண்ணல. வயித்தோடவே வரட்டும், அங்கியைப் பெரிசாத் தைக்கச் சொல்றேன்னுதான் சொன்னாரு. வீடு தேடி வந்து சொன்னாரு. நான்தான் வேணாம்னு பள்ளிக்கூடத்துல இவ பேரை எடுத்துட்டேன். இவகிட்ட, ஹெட்மாஸ்டர்தான் வரக்கூடாதுன்னுட்டாருன்னு சொன்னேன். ஊரும் அவரைத் திட்டுச்சு, அவரு செத்தும் போயிட்டாரு, நான் வாயைத் திறக்கல." வெர்னா பலகையைக் கை காட்டினாள். "எல்லாரும் அந்தப் படத்துல வயித்தைப் பாக்கறீங்க. எனக்கு நான் பண்ணினதுதான் தெரியுது. எந்த முகத்தோட நான் அதுக்குப் பக்கத்துல நிப்பேன்?"

அந்த மனிதரை வாய்க்கு வாய் சபித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ட்வைலா மட்டும் அசையவில்லை. "தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த வருஷமே தெரியும். ஷானாவைப் பாக்க அவரு சம்சாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. அப்பவே சொல்லிட்டாங்க."

வெர்னா கதவைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமாடி ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குச் சாப்பாடு கொண்டாந்தே?"

"உனக்குப் பசிக்குமில்ல?"

"ஒரு வார்த்தை கேக்கலியேடி."

"கேட்டிருப்பேன். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லல, எனக்கும் வீம்பு." ட்வைலா கேக் கத்தியை எடுத்து, கைப்பிடியை அம்மா பக்கம் நீட்டினாள். "கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன்மா. நெறையவே இருக்கு. ஆனா அன்னைக்கு நீ என் பக்கத்துல நிக்கல. இன்னைக்கு நிக்கணும். அந்தப் படத்துக்குப் பக்கத்துல, எல்லாரும் பாக்க, நிக்கணும். இதுக்காகத்தான் ரெண்டு வருஷம் அந்தப் பாழாப்போன கணக்கைப் போட்டேன்."

வெர்னா உடனே வரவில்லை. வரமாட்டாள் என்றே நான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். மகள் முகத்தைப் பார்க்காமல் கத்தியை வாங்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வரிசையா வாங்க" என்றாள்.

முதலில் வந்தது ட்வைலாவின் பஸ்ஸில் போகிற ஒரு குட்டிப் பெண். பலகையைப் பார்த்து, ரோஸ் கவுன்மேல் விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்டாள்.

"என் பொண்ணு" என்றாள் வெர்னா. "வயித்துல இருக்கறது என் பேத்தி. அன்னைக்கே இவ மேடை ஏறியிருக்கணும். நான்தான் விடல. இப்ப முடிச்சுட்டா."

குட்டிப் பெண் தலையாட்டிவிட்டு ரோஜாப்பூ வைத்த துண்டு வேண்டும் என்றாள். வெர்னா அதை வெட்டிக் கொடுத்தாள். அடுத்தவரிடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவரிடமும் சொன்னாள். என் முறை வந்தபோது, "எனக்குத்தான் தெரியுமே வெர்னா" என்றேன். "தெரிஞ்சா என்ன, கேட்டுக்கோ" என்று முதலிலிருந்து சொன்னாள். கொரீனுக்கும் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். வரிசை தீர்ந்து, இன்னும் கேட்க ஆளிருக்கிறதா என்று அவள் தெருவைப் பார்த்தபோது, ட்வைலா தட்டை நீட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்து நின்றாள். "எனக்கும் சொல்லும்மா" என்றாள்.