கொம்பு முளைக்காதவள்

மீன்சுருட்டி கொளஞ்சியப்பனைத் தெரிந்தவர்கள் இன்றைக்கு அதிகம் இல்லை. முந்திரிக்காட்டுப் பண்ணையில் கூலிக்குக் கிடந்த மனுசன். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று அவரை முந்திரி மரத்திலேயே கட்டிவைத்து அடித்தார்கள். கழுத்துச் சிலுவையைக் கழற்றி எறிந்தால் அவிழ்த்துவிடுகிறோம் என்றார்கள். கழற்றவில்லை. அடித்தவர்களுக்குத்தான் கை ஓய்ந்தது. அவர் மகன் சாமிதுரை. சாமிதுரைக்கு ரெண்டும் பொட்டப்பிள்ளைகள். மூத்தவள் அடைக்கலமேரி, ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பெற்றவள். இளையவள் வேணி. பெரியவளைப் பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தார்கள். சின்னவள் ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கன்னியர் மடத்துக்குப் போய் சிஸ்டர் அமலா ஆனாள்.

அடைக்கலமேரிக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை. கோபம் அவளுக்குப் புதுசில்லை. நூல் அறுந்தால் வரும், கரண்ட் போனால் வரும், புருஷன் டீ குடிக்கப் போய் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வரும். ஆனால் அந்த ஐப்பசியில் வந்த கோபம் வேறு ரகம்.

கவியா என்று ஒரு காலேஜ் பெண். பூலாம்பாடியில் மக்காச்சோளம் போடுகிற குடும்பம். காலேஜ் விழாவில் ஜப்பான் படக்கதை வேஷம் போடப்போகிறேன் என்று ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அட்டையில் ஒரு கன்னியாஸ்திரி, சாம்பல் உடுப்பும் கறுப்பு முக்காடுமாக.

"அக்கா, இதே மாதிரி வேணும். நீங்கதான் மடத்துக்கெல்லாம் உடுப்பு தைக்கிறீங்களாமே."

"கன்னியாஸ்திரி வேஷமா? கிண்டல் பண்ணி ஆடறதுக்கா?"

"இல்லக்கா, சீரியசான கதை. புக்கை வச்சிருந்து பாருங்க."

புத்தகம் இங்கிலீஷ். அடைக்கலமேரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நம் புத்தகங்களைப் போலவே இடப்பக்கத்திலிருந்து திறந்து படம் படமாகப் பார்த்துக்கொண்டு போனாள். முதல் பக்கத்தில் இடிந்த கோயில் மேல் கொம்பு முளைத்த ஒரு பொம்பளைப் பேய் நின்றது. நாலு பக்கம் தள்ளினால் எங்கும் நெருப்பு. அப்புறம் நெருப்பு அடங்கியது, கொம்பு சிறுத்தது, காணாமலே போனது. பேய் மண்டியிட்டு அழுதது. அப்புறம் பார்த்தால் அது ஒரு சிஸ்டர், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நின்றாள்.

அடைக்கலமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறவன், பேய்கூட திருந்திப் பிள்ளையாக ஆகலாம் என்று வரைந்திருக்கிறானே! சோறு போடுகிற அந்த சிஸ்டர் அப்படியே வேணி. வேணி செத்து ரெண்டு வருஷம். மஞ்சள்காமாலை. அடக்கத்துக்கான முக்காட்டை அக்காதான் அழுதுகொண்டே தைத்தாள். அதில் மீந்த துணி பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது. கடைத்துணி பளபளவென்று மினுக்கியதால், மனசு இளகி அந்தத் துணியையே எடுத்துக் கவியாவுக்கு முக்காடு தைத்துவிட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் கவியா வந்து உடுப்பைப் போட்டுப் பார்த்தாள். கச்சிதம். அப்புறம் பையிலிருந்து தெர்மாகோலில் செதுக்கிக் கறுப்பு அடித்த ரெண்டு கொம்புகளை எடுத்தாள்.

"அக்கா, முக்காட்டுல ரெண்டு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க. கொம்பு வெளிய வரணும்."

"கொம்பா? அது மொதல்லதானே பாப்பா? அப்புறம்தான் போயிடுதே."

கவியா விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ அக்கா, ஜப்பான் புக்கை வலது பக்கத்துலேர்ந்து படிக்கணும்! நீங்க கிளைமாக்ஸ்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க. சின்னப் பொண்ணு சிஸ்டர் ஆவா, மடத்துல பெரியவங்க அவளை ஏமாத்தி அவ ரத்தத்தையே எடுப்பாங்க, அவ மனசு வெறுத்துப் பேயா மாறி சர்ச்சையே கொளுத்திடுவா. செம கதைக்கா!"

அடைக்கலமேரிக்கு உச்சந்தலை காந்தியது. "கழட்டு அதை."

"எதைக்கா?"

"முக்காட்டைக் கழட்டுடீ!"

"இதுக்குப் போய் ஏன்க்கா கோச்சுக்கறீங்க? அங்க கிறிஸ்டியன்ஸே கொஞ்சம் பேருதான். அவங்களுக்குச் சிலுவை, சர்ச்சு, சிஸ்டர் எல்லாம் மர்மமான ஒரு டிசைன். நம்ம டிரஸ்ல டிராகன் போட்டுக்கறோம்ல, அந்த மாதிரி."

"டிராகனுக்காக உங்க தாத்தன் எவனாச்சும் மரத்துல கட்டுப்பட்டு அடி வாங்குனானா? அந்தச் சிலுவைக்காக எங்க தாத்தன் வாங்குனாரு. வேதத்துல சேந்ததுக்கு எங்க புள்ளைங்களுக்கு சர்க்கார் எஸ்.சி. சலுகை போச்சு. காட்டுல அடி, ஆபீஸ்ல அடி. அவனுக்கு டிசைனாம்ல, டிசைன்! உங்க குலதெய்வத்துக்குக் கொம்பு வச்சு ஒருத்தன் ஆட்டம் போட்டா உங்கப்பன் கைதட்டுவானா?"

கவியாவும் லேசுப்பட்டவள் இல்லை. "கதையில அவளைக் கெடுத்தது சாமி இல்லக்கா, மடந்தான். அவ கோவத்துல என்ன தப்பு?"

இந்தச் சொல்தான் சுட்டது. வேணி நர்ஸ் படிக்கத்தான் மடத்துக்குப் போனாள். கூடச் சேர்ந்த பெண்கள் ஒருத்தி டீச்சர் ஆனாள், ஒருத்தி நர்ஸ் ஆனாள். சேரியிலிருந்து போன வேணியை மட்டும் அடுப்படிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அனுப்பினார்கள். முடி நரைக்கிறவரை அங்கேயேதான். 'சமையலும் ஊழியந்தான்க்கா' என்பாள். கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கீழே விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது. குடும்பத்தில் யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை. சாமி காரியத்தில் குற்றம் சொல்லக்கூடாது என்று ஊமையாகக் கிடந்தார்கள்.

"என் தங்கச்சிக்கும் பண்ணாங்கடி," என்றாள் அடைக்கலமேரி. "ஒரு பொம்பளையைக் கசக்கிப் பிழிஞ்சா பேயாத்தான் மாறுவான்னு அவன் எழுதிட்டான். எந்தங்கச்சி மாறல. அவளுக்குக் கொம்பு முளைக்கல. சாவுற வரைக்கும் புள்ளைங்களுக்குச் சோறு போட்டா. அதை எவன் வரையறான்? இது அவளை மூடுன துணியில மிச்சம். இதுல ஓட்டை போட விடமாட்டேன்."

முக்காட்டை வாங்கிப் பிளேடால் தையலைப் பிரித்து, துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். உடுப்பைக் கவியா மேல் எறிந்தாள். "இது உன் துணி, தூக்கிட்டுப் போ. தலைக்கு வேற கடை பாரு."

கவியாவுக்கும் அழுகை முட்டியது. வாசல்படி இறங்கினவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "எங்கிட்ட இவ்ளோ கத்தறீங்களே, அந்த மடத்துக்காரங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?"

அடைக்கலமேரி அன்றைக்கு மிஷினில் உட்காரவே இல்லை.

மறுநாள் மடத்துக்குக் கொண்டுபோகவேண்டிய உடுப்புகள் தயாராக இருந்தன. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அரியலூர் தாண்டும்வரை ஜப்பான்காரனைத் திட்டினாள். சிமெண்டு லாரிப் புழுதி ஜன்னலில் அடிக்க, கொஞ்ச தூரம் கவியாவைத் திட்டினாள். ஜெயங்கொண்டத்தில் இறங்குகிறபோது திட்டுவதற்கு அந்த ரெண்டு பேரும் போதவில்லை.

மடத்துத் தலைவி மதரம்மா வராந்தாவில் இருந்தார். "வாம்மா அடைக்கலம். உடுப்பு கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும். எந்தங்கச்சியை ஏன் கடைசி வரைக்கும் அடுப்படியிலேயே வச்சிருந்தீங்க?"

மதரம்மா முகம் சுருங்கியது. "அமலா சிஸ்டர் ஒரு நாளும் முறையிட்டதில்லையே."

"அவ முறையிடலைங்க. நான் முறையிடறேன்."

"இதெல்லாம் யாரு உன் மண்டையில ஏத்துனது?"

"ஒரு ஜப்பான்காரன்," என்றாள் அடைக்கலமேரி.

மதரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போய்ச் சிற்றாலயத்துல கொஞ்சம் ஜெபம் பண்ணிட்டு வாம்மா, மனசு ஆறும்."

"ஜெபம் அப்புறம் பண்றேங்க. மொதல்ல பதில் சொல்லுங்க."

அப்போது பின்கட்டிலிருந்து ஒரு பெண் மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். புதுசாகச் சேர்ந்தவள். கையெல்லாம் கரி.

"எந்த ஊரும்மா?"

"மீன்சுருட்டிங்க. ஜெயசீலன் மவ."

ஜெயசீலன் யார்? கொளஞ்சியப்பனுடைய தம்பி பேரன். அடைக்கலமேரிக்குத் தம்பி முறை. இந்தப் பிள்ளை மருமகள் முறை.

"என்ன படிக்கிறே?"

அந்தப் பிள்ளை மதரம்மாவைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. "பன்னெண்டு முடிச்சேங்க. இப்ப அடுப்படியில இருக்கேன்."

அடைக்கலமேரி மோரை வாங்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து உடுப்புப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் புள்ளைய எந்தப் படிப்புக்கு அனுப்பறீங்க, எப்ப அனுப்பறீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் பையைத் தரேன்."

"இனி உங்கிட்டத் தையலே குடுக்கமாட்டோம், தெரியும்ல?"

"குடுக்காதீங்க."

மதரம்மா போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பன்னிரண்டு மணிக் கோயில் மணி அடித்தது. மடத்தில் எல்லாரும் அவரவர் இடத்தில் எழுந்து நின்று சிலுவை போட்டார்கள். அடைக்கலமேரியும் உட்கார்ந்தபடியே நெற்றியில், நெஞ்சில், தோளில் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுகை பையை விடவில்லை.