நடுரோட்டில் நிற்பவர்கள்

மாலை நாலு இருபதுக்கு என் மகள் வில்லாபுரத்தில் பள்ளி பஸ்ஸை விட்டு இறங்கினாள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோலப் பாதி ரோட்டைக் கடந்து, மீதிக்கு வழி பார்த்து நடுவில் நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோ அவள் புத்தகப் பையைக் கொக்கிபோட்டு இழுத்ததில் விழுந்து கை முறிந்தது. எதிர்ப்புறம் நின்ற என் கண்ணெதிரில்தான் எல்லாம்.

கைக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் ரோட்டோரம் வந்தாலே இன்றும் என் புடவையைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கும் கால் நகராது.

நடுரோட்டில் நின்றுபோக ஒரு திட்டு கட்டித்தாருங்கள் என்று மாநகராட்சியில் மனு கொடுத்தேன். கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்கள் ரோட்டு முக்கை அப்படியே கணினியில் வரைந்து ஓடவிட்டு ஆபத்தை அளந்திருந்தார்கள். திரையில் நீலப் புள்ளிகளாக மனிதர்கள் கோடு பிசகாமல் கடந்தார்கள். வண்டிகள் மரியாதையாக நின்றன.

"மோதுற வாய்ப்பு ரொம்பக் கம்மி மேடம். திட்டு தேவைப்படாது" என்றார் அந்த இளம் இன்ஜினியர்.

"நடுவுல ஒருத்தருமே நிக்கலையே தம்பி?"

"ஒரே மூச்சுல கடந்துருவாங்கன்னு வச்சுத்தான் ஓட்டியிருக்கோம்."

"யாரு கடந்தா? நேர்ல பாத்தீங்களா?"

"வீடியோ எடுத்தோமே மேடம், ஞாயித்துக்கிழமை காலைல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரோட்டில் நாய் படுத்துத் தூங்கும். பள்ளி விடும் நேரத்துக்கு ஒருநாள் வாருங்கள் என்றேன். நாளைக்கே வருவதாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க வரவில்லை. போன் செய்தால் மீட்டிங் என்றார். அரை நாள் விடுப்பு போட்டுப் போட்டு நான் டீக்கடை வாசலில் நின்றேன்.

"என்னக்கா, இன்னைக்கும் வரலையா?" என்று சிரித்தார் கடைக்காரர். "பேசாம புள்ளைய அந்தக் கம்ப்யூட்டர் ரோட்டுலயே நடந்து வரச் சொல்லுங்க."

அடுத்த வாரம் ஒருநாள், மகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து டீக்கடைப் பக்கம் சேர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், நடுரோட்டில் அந்த இன்ஜினியர். முன்னால் மினிலாரி, முதுகை உரசிக்கொண்டு டவுன்பஸ். லேப்டாப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அண்ணே, கைய நீட்டுங்க! நீட்டிக்கிட்டே வாங்க!" என்று கத்தினாள் என் மகள்.

நீட்டிய கையை மடக்காமலேயே வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"நடுவுல ஆள நிக்க வச்சு மறுபடி ஓட்டுறேன் மேடம். திட்டு வேணும்னுதான் வரும்" என்றார். பிறகு மெதுவாக, "திரும்பிப் போக வேற வழி இருக்கா?"