சிக்கிக்கொண்ட பட்டன்

அந்த செட் ஒரு சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மேலே ரப்பர் குச்சி போல ஏரியல், பக்கவாட்டில் பேசுவதற்கு ஒரு பட்டன். எந்த எண்ணை அமுக்கினாலும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அதை இங்கிலீஷில் சொல்லும். சீனாவில் செய்தது. ஹாம் ரேடியோ வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் கட்டுப்படியானது. பெரிய கம்பெனி செட்டைக் கண்ணால் பார்க்கலாம், வாங்க முடியாது. 2011இல் கடலூர் நண்பர் ஒருவர் மூலம் எனக்கு இந்தச் சீன செட் வந்தது.

நான் சிதம்பரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எத்தனையோ பேர் வாயருகே மைக்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். நான் அதில் பேசியது ‘ஹலோ, ஹலோ, ஒன், டூ’ மட்டும்தான். அதையும் கூட்டம் வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுவேன். நாலு முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டப் போன இடத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் வந்து செய்து காட்டினார்கள். எங்கேயோ இருக்கிற ஒருவரோடு முகத்தைக் காட்டாமல் பேசினார்கள். இது நமக்குச் சரிப்பட்டு வரும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதற்குப் பரீட்சை உண்டு. லைசென்ஸ் இல்லாமல் பட்டனைத் தொடக் கூடாது. கேள்விகள் இங்கிலீஷில் இருக்கும். என் மகள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தாள். வேலை விட்டு வந்ததும் கேள்வி பதிலை வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைப்பாள். “நீ ஃபெயிலானா அம்மா என்னைத்தான் திட்டும், ஒழுங்கா படிப்பா,” என்பாள். சென்னைக்குப் போய் எழுதினேன். எப்படியோ தேறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத்து ஹாம்கள் ஏழெட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் கூடுவோம். கடலூரில் ஓர் உயரமான கட்டடத்தின் மேல் ரிப்பீட்டர் இருந்தது. சின்ன செட்டிலிருந்து வருகிற மெலிந்த குரலை வாங்கி, பலமாகத் திருப்பி அனுப்புகிற கருவி அது. அதனால் என் வீட்டு மாடியில் மூங்கிலில் கட்டிய அலுமினிய ஏரியலே போதுமாக இருந்தது. கடலூர்க்காரர் ஒருவர் ஒவ்வொருவராகப் பேசக் கூப்பிடுவார். மற்றவர்கள் மழை, வெயில், ஏரியல் என்று நீட்டிப் பேசுவார்கள். நான் எனக்குக் கொடுத்த அழைப்பு எழுத்துகளைச் சொல்லி, “எல்லாருக்கும் வணக்கம், சிதம்பரத்துல நல்லா கேக்குது,” என்பதோடு பட்டனை விட்டுவிடுவேன்.

“அண்ணன் செட்டுக்கு பேட்டரியே தீராது,” என்று சிரிப்பார் காட்டுமன்னார்கோயில்காரர். அவர் அங்கே அரிசி மில் வைத்திருந்தார். ஏரியல் கட்ட உதவுவதற்காக என் வீட்டுக்கு வந்தபோது மகளைப் பார்த்தார். கடலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் தன் அக்கா மகனுக்குக் கேட்டார். எங்கள் ஜனம்தான். இரண்டு வீட்டாரும் பார்த்து, பிடித்து, பூ வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து மில்காரருக்கு நான் மச்சான் ஆகிவிட்டேன், ரேடியோவிலும்கூட.

அவர்களிடம் நாங்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே வலிப்பு. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் வராது. பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாத்திரை தவறி, மண்டபத்துப் பின்கட்டில் விழுந்தாள். அதற்கப்புறம் வரவில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. என் மனைவி அதை அப்படிக் காத்து வைத்திருந்தாள்.

தட்டு மாற்ற நாள் குறித்தபிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. ரேடியோவில் என் முறை வந்தது. வணக்கம் சொல்லிவிட்டு செட்டை அலமாரியில் வைத்தேன். பட்டனின் மேலிருந்த ரப்பர் சில நாட்களாகவே தளர்ந்துபோயிருந்தது. அமுக்கினால் சில சமயம் உள்ளேயே நின்றுவிடும், நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படியிலிருந்து வந்து கூடத்தில் நின்றாள்.

“சத்து மாத்திரைன்னு சொல்லி சாப்புடட்டும். அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

“எத்தன நாளைக்கு?”

“ஒரு புள்ள பொறக்கற வரைக்கும். அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும். தூக்கியா போட்டுடுவாங்க?”

“போட்டுட்டா?”

“வேற என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

“வலிப்பு இருக்குன்னு சொல்லிடுவோம்டி. பூ வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“யாரு, நீங்க சொல்லுவீங்களா? அரிசில கல்லு கெடக்குன்னு கடைக்காரன்கிட்ட சொல்றதுக்கே என்னை அனுப்பற ஆளு!”

அந்தப் பேச்சு என்னைக் கிளப்பிவிட்டது. நான் கத்தினேன். மகள் பெண்ணாடத்தில் விழுந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டது, புடவையெல்லாம் ரத்தமானது, நம்பி வந்து பெண் கேட்ட அந்த மில்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்பது, எல்லாவற்றையும் கத்தினேன். என் ஆயுசில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

அலமாரிப் பக்கமிருந்து பிளாஸ்டிக் சூடேறிய வாசனை வந்தது. செட்டைத் தொட்டேன். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது. அதன் தலையில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. பட்டன் அமுங்கியிருக்கும் வரை நம் குரல்தான் வெளியே போய்க்கொண்டிருக்கும். மற்றவர்கள் என்ன சொல்லித் தடுத்தாலும் நமக்குக் கேட்காது. பேட்டரியைப் பிடுங்கினேன்.

பட்டனை நெம்பிவிட்டு, பேட்டரியைத் திரும்ப மாட்டினேன். அலைவரிசையில் யாருமே இல்லாததுபோல் இருந்தது. பிறகு கடலூர்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, “அடுத்து காட்டுமன்னார்கோயில் நண்பர், வாங்க,” என்றார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. கூட்டம் தொடங்கியபோது மில்காரர் இருந்தார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டபோது அவர் குரல் கொடுத்திருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. வீட்டிலும் நான் வாய் திறக்கவில்லை. தெருவில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன். ஒருநாள் மத்தியானம் நான் குழாய் ஸ்பீக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்த கொட்டகைக்கு மில்காரர் வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

“டீ வேணாம், மச்சான்,” என்றார். சிரிக்கப் பார்த்தார். “உங்க சிக்னல் இவ்ளோ தெளிவா என்னைக்குமே வந்ததில்ல.”

நான் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பயப்படாதீங்க. நமக்குன்னு அனுப்பாத சேதி காதுல வுழுந்தா வெளியில சொல்லக் கூடாது. லைசென்ஸ்லயே இருக்கு. நானும் அதப் படிச்சுத்தானே பரீட்ச எழுதினேன்? எங்கக்காகிட்ட மூச்சு விட மாட்டேன். மத்தவங்களும் சொல்ல மாட்டாங்க.”

“சரிங்க,” என்றேன்.

“ஆனா கல்யாணத்தன்னைக்கு தாய்மாமன் எங்கன்னு என்னைத்தான் கூப்புடுவாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் மால போடறது? அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க மச்சான்.”

நான் அடுத்த ஸ்பீக்கரை இழுத்துத் துடைக்கத் தொடங்கினேன். அவர் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மனைவியையும் மகளையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன்.

“ரேடியோவுலயா? ஊரு பூரா கேட்டுச்சா?” என்று மனைவி நெஞ்சில் கைவைத்தாள்.

“எங்க ஆளுங்க ஏழெட்டுப் பேருதான்.”

“ஏழெட்டு வூடு!”

அப்படியே சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. “அவருதான் சொல்ல மாட்டேன்னுட்டாரு இல்ல? சட்டமே அப்படித்தான்னா அப்புறம் என்ன? பேசாம தட்ட மாத்திக்குவோம்.” எனக்கும் அந்த நிமிஷம் அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது.

மகள் கேட்டாள்: “நாக்கக் கடிச்சுக்கிட்டதையுமா சொன்ன?”

“ம்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பியபோது கண் காய்ந்துதான் இருந்தது. “சட்டம் கேட்டவங்களுக்குத்தாம்ப்பா. பேசினவங்களுக்கு இல்ல. நீ போய்ச் சொல்லு. இல்லைன்னா நானே போன் போட்டுச் சொல்றேன்.”

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முதுநகரில் அவர்கள் வீடு. மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஷிப்ட் இல்லை. அவர் அம்மா என்னைக் கண்டதும் ஃபேனை வேகமாக வைத்தார். “வெயில் ஜாஸ்தி, உக்காருங்க. மண்டபத்துல மைக் செட்டு மட்டும் உங்க பொறுப்பு சம்பந்தி, ஆமாம்!” என்று சிரித்தார். நான் சிரிக்க முயன்று, தண்ணீரைக் குடித்து, வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“பொண்ணுக்கு வலிப்பு இருக்குங்க. மாத்திரையில கட்டுப்பட்டுத்தான் இருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அந்தம்மா மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “எங்க தம்பிக்கு இது தெரியுமா?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் செய்து வரவில்லை. தெரியும் என்றால், மறைத்தான் என்று அக்கா வீட்டுப் படி மில்காரருக்கு அடைபட்டுவிடும்.

“தெரியாதுங்க,” என்றேன்.

மாப்பிள்ளை இவ்வளவு நேரமும் செல்போனைக் கையில் சுழற்றியபடி உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பியபோது கூடவே வந்து கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டார். “பாத்துப் போங்க,” என்றார்.

வீட்டில் மகள் வாசற்படியிலேயே கேட்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“கலந்து பேசிட்டு சொல்றோம்னாங்க.”

“அவரு இருந்தாரா?”

“இருந்தாரு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“பாத்துப் போங்கன்னாரு.”

“அவ்ளோதானா?”

நான் செருப்பைக் கழற்றினேன்.

“அப்ப வேணாம்ப்பா. பேசாத ஆளக் கட்டிக்கிட்டு அம்மா படற பாடு போதாதா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மனைவி சிரிக்கவில்லை. நான் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

சில நாள் கழித்து மில்காரர் போன் செய்தார். குரலில் உற்சாகம் இருந்தது. “அக்கா ஒத்துக்கிச்சு மச்சான். அவுங்க சொல்ற டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடணுமாம். தட்டு மாத்தறத கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம். அவ்ளோதான்.”

“மாப்பிள்ளை என்ன சொல்றாரு?”

“அவன் என்ன சொல்லுவான்? அக்கா சொல்றதுதான்.”

மனைவி போனுக்குப் பக்கத்தில் நின்று ‘சரின்னு சொல்லுங்க’ என்று வாயை அசைத்தாள். அடுப்படி வாசலில் மகள் நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஒருமுறை ஆட்டினாள்.

“வேணாங்க,” என்றேன். காரணம் கேட்டார். “பொண்ணு வேணாங்குது,” என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவது குறைந்துவிட்டது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருக்காக நான் சொன்ன பொய்யை அவரிடம் சொல்லும் சந்தர்ப்பம் வரவில்லை.

“வாயத் தொறந்ததே ரெண்டு வாட்டி. ரெண்டு வாட்டியும் குடியக் கெடுக்கத்தான்,” என்றாள் மனைவி. பல நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது தப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பையன் பேசாவிட்டாலும் நல்லவனாக இருந்திருக்கலாம். நானும் பேசாதவன்தானே.

இந்த வருஷமும் வரன் பார்க்கிறோம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தார்கள், கடலூரிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்ததும், பெண்ணைக் கூப்பிடுவதற்கு முன்பாகவே விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். சொல்வது நான்தான், மகள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுவிட்டு அவர்கள் மரியாதையாகத்தான் தலையாட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள்.