பலகைக்கு அந்தப் பக்கம்

சின்ன வயதில் எதற்குமே பயப்படாத ஆள் நான். இது பொய். பேய்ப்படம் ஓடினால் அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கிற வீரன்.

அப்போது ஷார்ஜா ரோலாவில் ஒரு பழைய ஃப்ளாட். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை, கிடைத்தபிறகும் படிக்கவில்லை. ஹாலின் பாதியைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு வராந்தாவில் தனி வாசல். உள்ளே ஓனரின் சாமான்கள்தான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஒருநாள் அப்பா ஒரு கேசட் எடுத்து வந்தார். அமெரிக்காவில் டிவிக்கென்றே எடுத்த பழைய படம். பெல்பாட்டம் போட்ட புருஷன் டிஸ்கோ ஆடிவிட்டு வருவான். வீட்டுக்குள் யாரோ இருப்பதாகப் பெண்டாட்டி அழுவாள். அவளுக்குப் பைத்தியம் என்று அவன் டாக்டரிடம் இழுத்துப் போவான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் புரிந்தது.

அடுத்த வாரமே பலகைக்குப் பின்னால் யாரோ இருமுவதாக அம்மா சொன்னாள். அப்பா சிரித்தார். மறுபடி சொன்னபோது சிரிக்கவில்லை.

"படத்தப் பாத்து மூளை கலங்கிருச்சு ஒனக்கு. இனி சத்தம் கேக்குதுன்னு சொன்னா, பயலோட ஊருக்கு ஏத்திவிட்டுருவேன். அங்க டாக்டர்ட்ட காட்டிக்க."

அதன்பிறகு அம்மா வாய் திறக்கவில்லை. பலகையைப் பார்த்தபடியே வெங்காயம் நறுக்குவாள்.

ஒரு காலையில் அப்பா கடை திறக்கப் போனபின் அவள் கத்தி பாதியில் நின்றது. என் காதருகே குனிந்தாள்.

"ஒனக்கு ஏதாச்சும் கேக்குதாடா?"

நான் அவள் முந்தானைக்குள் தலையை விட்டேன். "பேய் இருமுதும்மா. நெஞ்சுல சளி போல."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பலகையைத் தட்டினாள்.

"யாருய்யா உள்ள?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ஓர் ஆண் குரல், தயங்கித் தயங்கி.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நைட் டூட்டி எனக்கு. பகல்ல தூங்க ஒங்க வீட்டு அண்ணன்தான் வாடகைக்கு விட்டாரு. ஃபேமிலிக்குத் தெரிஞ்சா பேச்சலர வைக்க விடமாட்டாங்க, மூச்சு விடாதன்னாரு. இருமலத்தான் அடக்க முடியல."

பேய் நிஜம் என்று தெரிந்த அன்றைக்கு ஒருத்தி இத்தனை நிம்மதியாகச் சோறு வடிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஒரு மணிக்குக் கடை அடைத்து அப்பா சாப்பிட வந்தார். அம்மா அவர் கையில் ஒரு டம்ளர் மிளகு ரசம் கொடுத்தாள்.

"மொதல்ல இத என் மூளைக்குள்ள இருமுறவருக்குக் குடுத்துட்டு வாங்க."

அப்பா டம்ளரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்து—

இருங்கள், இப்போது நானும் வளைகுடாவில் ஒரு பேச்சலர்தான், என்னோடு ரூமில் தங்கியிருக்கிற பாய் வாசலில் நின்று கத்துகிறார். "எழுதுறதப் பாதியில வைடா. சைட்டுக்குப் போற வண்டி கெளம்புது, யல்லா, சீக்கிரம் வா."