பன்னிரண்டு கிலோ படியோடு தெம்பனிஸ் வரை

வியாழன், மாலை 5.40

சாங்கி விமான நிலையத்துச் சுங்கச் சோதனையில் என் பெட்டியை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். இயந்திரத்தில் உள்ளே ஒரு கனத்த கறுப்புப் பட்டை தெரிந்ததாம். "இது என்ன?" என்று சீருடை அணிந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டார். "படிக்கட்டு" என்றேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "முழுசா இல்லைங்க, ஒரே ஒரு படி" என்று சேர்த்துக்கொண்டேன். நான் கலந்துகொள்ள வந்த சங்கக் கூட்டத்தின் அழைப்புக் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் சிரித்துக்கொண்டே விட்டார்.

திருச்சியில் ஏறும்போது இருபது கிலோ வரை அனுமதி. அதில் பன்னிரண்டு கிலோவை இந்தக் கான்கிரீட் படிப் பலகையே தின்றுவிட்டது. மீதி எட்டு கிலோவில் மூன்று புடவை, ஒரு சால்வை, பருப்புப்பொடி. மூன்று நாளைக்கு அது போதாதா?

நான் காங்கேயத்துக்குப் பக்கத்தில் கான்கிரீட் பலகை வார்க்கும் பட்டறை நடத்துகிறேன். படிக்கட்டுப் பலகை, சுற்றுச்சுவர்ப் பலகை, ஜன்னலுக்கு மேல் போடும் சன்ஷேடு, எல்லாம் அச்சில் வார்த்து லாரியில் ஏற்றி அனுப்புவோம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்பது பட்டறைகள் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். கட்டட உறுப்புகள் தயாரிப்போரின் ஆசிய வட்டாரச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. போன முறை மலேசியாவின் ஜொகூரில் கூடியபோது எங்களைப் பார்வையாளர்களாகக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். கை தூக்க உரிமை கிடையாது, காப்பி குடிக்க மட்டும் உண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காப்பியைக்கூடத் தொடவில்லை.

இந்த முறை முழு உறுப்பினராக விண்ணப்பித்திருந்தோம். விதி இதுதான்: ஒரு மாதிரிப் பலகையை மேசையில் வைக்க வேண்டும். அது தேறினால் சங்கத்தின் முத்திரையை எங்கள் பலகைகளில் பதிக்கலாம். அந்த முத்திரை இல்லாத பலகையை இங்குள்ள ஒப்பந்தக்காரர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தேறாவிட்டால் அடுத்த கூட்டம் வரை வாயைத் திறக்க முடியாது. ஒன்பது பட்டறையின் தலையெழுத்தும் என் பெட்டிக்குள் இருந்தது.

வாடகைக் காரில் லிட்டில் இந்தியாவுக்கு இருபது கிலோமீட்டர், இருபத்தெட்டு வெள்ளி; டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். டன்லப் ஸ்திரீட்டில் அறை. மாடி ஏறப் பெட்டியைத் தூக்கிய விடுதிப் பையன், "என்ன மேடம், கல்லா?" என்றான். "கிட்டத்தட்ட" என்றேன்.

வெள்ளி, காலை 8.15

சங்கத்தின் தொழில்நுட்பச் செயலாளர் கதிரவன் காரோடு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம், செங்காங்கில் வீடு. என்னைப் பார்த்ததும், "மேடம், சாம்பிள் எங்க? நான் தூக்குறேன்" என்றவர், தூக்கிய பிறகு, இந்த ஊர் 'லா' ஒன்றைச் சேர்த்து, "அக்கா, ஹெவியா இருக்கு லா" என்றார். பன்னிரண்டு கிலோவில் மேடம் அக்காவாகிவிட்டாள்.

வழி நெடுக அடுக்குமாடிகள். எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் இணைப்புக் கோட்டைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். "இது எல்லாம் வார்த்துக் கொண்டுவந்து கோத்ததுதானுங்களே?" என்றேன்.

"யெஸ் அக்கா. நான் பொறந்து வளர்ந்த புளோக்கே அப்படித்தான். வால், ஸ்டேர்கேஸ் எல்லாம் பேக்டரியிலேருந்து வரும். சைட்ல கிரேன் வச்சு ஃபிட் பண்ணுவாங்க, அவ்ளோதான்."

அதை மேலே ஏற்றிக் கோக்கிற கைகளில் பாதி எங்கள் ஊர்க் கைகள். தெம்பனிஸை நெருங்கும்போது ஒரு கட்டுமான இடத்தின் வாசலில் மஞ்சள் தொப்பி போட்ட ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் நெற்றியில் திருநீறு. ஏனோ எனக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது.

வெள்ளி, காலை 11.30

தெம்பனிஸ் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் கூட்டம். பக்கத்திலேயே சோதனைக்கூடம். ஆறு நாடுகளிலிருந்து நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். வியட்நாம்காரர் கதவு நிலை, மலேசியாக்காரர் கூரைச் சட்டம், என் படிப் பலகை என்று எல்லாம் நீண்ட மேசையில் வரிசையாக இருந்தன.

பரிசோதனைக் குழுத் தலைவர் திரு. லிம் ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. என் பலகை வந்த சாக்கையும் பிளாஸ்டிக்கையும் அவரே பிரித்தார். பிரித்ததும் நின்றுவிட்டார். பலகையின் முகத்தில் நீளவாக்கில், சம இடைவெளியில், மூன்று செம்பழுப்புக் கறைகள். ஓரம் கலைந்து பரவியிருந்தன.

கான்கிரீட்டில் செம்பழுப்புக் கறை வந்தால் எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து வெளியே கசிகிறது. கம்பிக்கு மேல் போதுமான கனத்தில் கான்கிரீட் இல்லை. லிம் விரலால் மூன்று கறைகளையும் ஒரு கோடாகத் தொட்டுக்காட்டினார். கம்பி ஓடுகிற அதே கோடு.

"பத்து நாள்கூட ஆகாத பலகை, அதற்குள் துரு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரலில் ஏளனம் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. பின்னாலிருந்து யாரோ, சின்னப் பட்டறைகளைச் சேர்ப்பதில் இதுதான் சிக்கல் என்று மெதுவாகச் சொன்னது மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

கதிரவன் எனக்காக வாதாடி ஒரு நாள் வாங்கிக் கொடுத்தார். "அக்கா, நாளைக்கு டென் ஓ கிளாக். அதுக்குள்ள எக்ஸ்பிளனேஷன் கொடுத்துடுங்க. இல்லன்னா ரிஜெக்ட்னு எழுதிடுவாரு. அவர் எழுதிட்டா மாத்த மாட்டாரு லா."

வெள்ளி, மாலை 4.00

தெம்பனிஸிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டி ரயிலில் மாறாமல் வரலாம். இருபது நிறுத்தம், ஏறத்தாழ இரண்டு வெள்ளி. நிலையப் பலகைகளில் தமிழ் இருந்தது. வேறு நாளாக இருந்தால் பூரித்துப்போயிருப்பேன். அன்று எனக்குப் பழனியம்மாள் மேல்தான் கோபம்.

பழனியம்மாள் எங்கள் பட்டறையில் வார்ப்பு மேஸ்திரி. இருபத்திரண்டு ஆண்டாக அவள் கை படாமல் ஒரு பலகை வெளியே போனதில்லை. தேக்கா சந்தைக்கு எதிரே நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"ஏன் பழனியம்மா, சிங்கப்பூருக்கு வந்த பலகைக்குக் கவர் கட்டை வெச்சியா, இல்லையா?" கம்பி அச்சின் அடியில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டைக்குத்தான் அந்தப் பெயர்.

"ஏனுங் அம்மிணி, கட்டை வெக்காம நான் என்னைக்காச்சும் கம்பி கட்டியிருக்கனுங்களா?" அவள் குரல் சுருங்கிவிட்டது. "பதினஞ்சு மில்லிக் கட்டை. ஆறு வெச்சனுங்க."

"அப்ப மூணு இடத்துல துரு எப்படி வந்துச்சு?"

"மூணு இடமுங்களா? நீளவாக்குலயா?"

"ஆமா."

"அது துருவு இல்லீங்க. தண்ணித் தொட்டியில இருந்து எடுத்து, சாக்குல சுத்தறதுக்கு முன்னாடி மஞ்சக் கொழைச்சு மூணு பொட்டு வெச்சனுங்க. எப்பவும் லாரிக்குத்தான் பொட்டு வெப்பமுங்க. இது கடல் தாண்டிப் போகுதேன்னு பலகைக்கே வெச்சேன். தப்புங்களா?"

எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்திருப்பேன்! மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் ரத்தச் சிவப்பாகும் என்பது எங்கள் வீட்டுப் பெண்களில் யாருக்குத்தான் தெரியாது? சிமெண்ட்டும் அந்தச் சுண்ணாம்பு வம்சம்தானே. மஞ்சள் பொட்டு பலகையில் பட்டுச் சிவந்திருக்கிறது. ஈரச் சாக்குக்குள் நான்கு நாள் கிடந்ததில் பொட்டு கலைந்து துருக் கறை போலாகிவிட்டது. சிரிப்பும் வந்தது, அவளிடம் எரிந்து விழுந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் லிம்மிடம் போய், அது துரு இல்லை, சாமி கும்பிட்டு வைத்த பொட்டு என்றால் நம்புவாரா? நம்ப வைக்க ஒரே வழிதான். பலகையை உடைத்து உள்ளே இருக்கும் கம்பியைக் காட்ட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே பலகை. பழனியம்மாள் ஒருவேளை ஒரு கட்டை நகர்த்தி வைத்திருந்தால்? இருபத்திரண்டு ஆண்டில் அவள் பலகை ஒன்றைக்கூட நான் உடைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் மஞ்சள் தூள் வாங்கினேன். நூறு கிராம், ஒரு வெள்ளி இருபது காசு. கடைக்காரர் பட்டுக்கோட்டைக்காரர். "குழம்புக்கா, பூஜைக்கா அக்கா?" என்றார். "கான்கிரீட்டுக்கு" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் பொட்டலத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

சனி, காலை 10.00

எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இது துரு இல்லை, மஞ்சள். நாங்கள் புதிய இடத்துக்கு அனுப்பும் பொருளுக்குப் பொட்டு வைப்போம். சந்தேகமிருந்தால் பலகையை உடைத்துப் பாருங்கள். நானே உடைக்கிறேன்.

லிம் கண்ணாடியைக் கழற்றினார். உடைந்த மாதிரிக்கு மாற்று ஏற்க மாட்டோம், உள்ளே தவறு இருந்தால் அங்கேயே முடிந்தது என்றார்.

கதிரவன் என் பக்கம் குனிந்து, "அக்கா, ஷுவரா? லெட்டர் மட்டும் எழுதிக் கொடுத்தா ஒரு சான்ஸ் இருக்கு" என்றார்.

"வார்த்தவ மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுங் தம்பி. சுத்தியல் எங்க?"

சோதனைக்கூடத்திலிருந்து நாலு ராத்தல் சுத்தியல் வந்தது. இரண்டு கட்டைமேல் பலகையைத் தாங்க வைத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் அடித்தேன். முதல் இரண்டு அடிக்கு அது அசையவே இல்லை. மலேசியாக்காரர் கை தட்டினார். ஐந்தாவது அடியில் விரிசல் விட்டது, எட்டாவதில் பிளந்தது. உள்ளே கம்பி, கட்டிய அன்று இருந்த அதே நீலச் சாம்பல் நிறத்தில், ஒரு பொட்டுத் துருவில்லாமல் இருந்தது. லிம் அளவுகோலை வைத்தார். பதினைந்து மில்லி. மற்றப் பாதியைத் திருப்பி அதன் பிளவிலும் வைத்தார். பதினைந்து. இன்னும் நாலு இடத்தில் வைத்தார். எங்கும் அதே பதினைந்து.

பிறகு மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, உடைந்த முகத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தடவினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சிவந்தது. முகத்தில் இருந்த கறையும் இந்தச் சிவப்பும் ஒரே நிறம்.

லிம் உள்ளே போய் ஒரு சிறிய தெளிப்பான் எடுத்துவந்தார். கான்கிரீட்டின் காரம், அதாவது அந்தச் சுண்ணாம்புக் குணம், குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் அடிக்கிற மருந்து. காரம் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது, மருந்தும் நிறம் மாறும். மற்றப் பாதியில் அடித்தார். விளிம்பு வரை அடர்ந்த இளஞ்சிவப்பு. ஒரு பக்கம் அவர் சிவப்பு, ஒரு பக்கம் பழனியம்மாள் சிவப்பு.

"இந்தப் பொடி என்ன விலை?" என்று கேட்டார்.

"ஒரு வெள்ளி இருபது காசு."

"எங்கள் மருந்தைவிட மிகவும் மலிவு" என்றார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எங்களைச் சேர்க்கலாமா என்று கை தூக்கச் சொன்னபோது ஒரு கைகூடக் கீழே இல்லை. பின்வரிசை உள்பட. மார்தட்டிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று நெஞ்சு நிமிர்த்தித்தான் நடந்தேன்.

மதியம் கூட்டத்தின் மற்ற வேலைகள் நடந்தன. இந்த முறை முன்வரிசை. காப்பியும் குடித்தேன். பேச்சுவாக்கில் லிம் ஒன்று சொன்னார்: இங்கே நல்ல தொழிற்சாலை எதுவானாலும் அவ்வப்போது தன் பலகை ஒன்றைத் தானே உடைத்துப் பார்க்கும். யாரும் குறை சொல்வதற்காக அல்ல, தனக்குத் தெரிவதற்காக.

ஞாயிறு, காலை 9.30

கிளம்பும் முன் தேக்காவில் தோசை, மூன்று வெள்ளி. தே தாரிக் எனும் ஆற்றிய டீ ஒன்று ஐம்பது. ஊரில் அந்தக் காசுக்கு ஆறு டீ குடிப்பேன், ஆனால் அன்று கணக்குப் பார்க்கவில்லை. ஞாயிறு என்பதால் காலையிலேயே இங்கே வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து குவியத் தொடங்கியிருந்தார்கள்.

மஞ்சள் தடவிய பாதிப் பலகையைச் சங்கத்தின் காட்சி அலமாரியில் வைக்கப்போவதாகக் கதிரவன் சொன்னார். "அக்கா, கீழே லேபிள் போடணும். மேக்கர் நேம் என்ன? உங்க கம்பெனி பேர்தானே?"

"பழனியம்மாள், காங்கேயம்னு போடுங் தம்பி" என்றேன்.

மற்றப் பாதி, ஆறு கிலோ, என் பெட்டிக்குள். வரும்போது இருந்த கனத்தில் பாதிதான், ஆனாலும் இதைத் தூக்க யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. சிங்கப்பூரில் எதையும் திறந்து பார்த்துத்தான் நம்புகிறார்கள். நாங்கள் திறக்காமலே நம்புகிறோம், பிறகு ஒரு கறையைப் பார்த்ததும் அந்த நம்பிக்கையை ஒரு நொடியில் கைவிட்டுவிடுகிறோம். வெள்ளிக்கிழமை மாலை போனில் நான் அதைத்தான் செய்தேன்.

விமானம் ஏறும் முன் பழனியம்மாளைக் கூப்பிட்டேன். முழு உறுப்பினராகிவிட்டோம் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"கம்பி எப்படி இருந்துச்சுங்க?"

"நீ கட்டுன மாதிரியே இருந்துச்சு. அன்னைக்கு உன்ற மேல கோபப்பட்டது தப்பு பழனியம்மா."

"அது கெடக்குதுங்க."

"இனிமேல் நூறு பலகைக்கு ஒண்ணு நம்ம பட்டறையிலேயே உடைச்சுப் பாக்கலாம்னு இருக்கேன். உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

அவளுக்குப் பின்னால் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருக்கிறாள்.

"உடைங்க" என்றாள். "ஆனா சுத்தியல் என்ற கையில இருக்கோணும்."